கம்பியைப் பிடித்தால் பாதி வார்த்தை

நான் குடியிருப்பது நாய்க்குப் பேர் போன ஊர். சம்பளம் வாங்குவது பால்கோவாவுக்குப் பேர் போன ஊர். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் காலை எட்டரை மணி பஸ் அதைக் கடப்பதற்குள் ஒரு தேர்தல் கூட்டணி உருவாகி, தொகுதிப் பங்கீட்டில் சண்டை போட்டு, உடைந்தே போய்விடும்.

அந்த பஸ்ஸில் சத்தத்துக்குப் பஞ்சமே கிடையாது. டிரைவர் தலைக்கு மேலே ஸ்பீக்கர். அதற்குப் போட்டியாக கண்டக்டர் விசில். போனில் மருமகளைப் பற்றி மகளிடம் சொல்லும் அம்மா. (அடுத்த ஸீட்டில் உட்கார்ந்திருப்பதே மருமகளாக இருக்குமோ என்று எனக்கு ஒரு பயம்.) இதற்கெல்லாம் நடுவே, போன வருஷம் ஒரு திங்கட்கிழமை, பின்பக்கப் படிக்கட்டு ஓரம் மட்டும் ஒரு இடம் சுத்தமாக அமைதியாக இருந்தது. நாலு பையன்கள். தோளில் பை, கழுத்தில் காலேஜ் கார்டு. பேசிக்கொண்டுதான் வந்தார்கள், கையால்.

முறைத்துப் பார்க்கக் கூடாது என்று தெரியும். இருந்தாலும் பார்த்தேன். மூன்று பேருக்கு உட்கார இடம் கிடைத்துவிட்டது. நாலாவது பையன் மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குத்தான் கஷ்டம். நம்ம ஊர் சைகை மொழியில் எழுத்துகளைக் காட்ட இரண்டு கையும் வேண்டும். பிரிட்டன்காரர்களுக்கும் அப்படித்தான். அமெரிக்கர்கள் ஒரு கையிலேயே ஏ பி சி டி முழுக்கச் சொல்லிவிடுவார்களாம். இது நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: கம்பியைப் பிடித்தால் அவனுக்குப் பாதி வார்த்தைதான் வருகிறது.

ஏதோ முக்கியமான விஷயம் போல. பொறுத்துப் பார்த்தான். பிறகு முழங்கையைக் கம்பியில் மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் விடுவித்தான். டிரைவர் அதற்காகவே காத்திருந்த மாதிரி பிரேக் போட்டார். பையன் என் மடியில்.

"பாத்துப்பா!" என்று கத்தினேன். கத்தியதும் எனக்கே அசிங்கமாகப் போய்விட்டது. அவன் எழுந்து, செல்போனை எடுத்து, ஏதோ டைப் அடித்து என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

'ஸாரி அங்கிள்.'

அங்கிளா! காது கேட்காவிட்டாலும் பையனுக்குக் கண் ரொம்ப நன்றாகவே தெரிகிறது.

சாதாரணமாக இத்தோடு விட்டிருப்பேன். விட முடியாததற்குக் காரணம் என் அக்கா.

அக்காவுக்கு ஒரே பையன். பிறவியிலேயே காது கேட்காது. பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியில் தங்கிப் படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் என்கிற வெள்ளைக்கார அம்மா ஆரம்பித்த பள்ளிக்கூடம் அது. கணக்கில் பையன் கெட்டி. எங்கள் குடும்பத்தில் அந்த வியாதி வேறு யாருக்கும் கிடையாது. ப்ளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கினான். மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் என்ஜினீயரிங் ஸீட்டும் கிடைத்தது. 1995-ஆம் வருஷச் சட்டத்தில் மூன்று சதவிகிதமாக இருந்தது, 2016 சட்டத்தில் ஐந்து சதவிகிதம் ஆகியிருக்கிறது. அக்கா தெரு முழுக்க லட்டு கொடுத்தாள்.

காலேஜ் பேர் வேண்டாம். நல்ல கட்டடம், நல்ல கேன்டீன். ஸீட் கொடுத்தார்கள். கொடுத்தது ஸீட் மட்டும்தான்.

முதல் பெஞ்சில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். பெரிய சலுகை! உதடு பார்த்துப் புரிந்துகொள்வான் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். கண்ணாடி முன்னால் நின்று நீங்களே சத்தம் வராமல் 'பாட்டு' என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் 'மாட்டு' என்று சொல்லுங்கள். ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? தமிழிலேயே இந்தக் கதி. அங்கே பாடம் இங்கிலீஷில். அதிலும் வாத்தியார் மீசைக்காரர். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார். அவர் கரும்பலகைக்குப் பாடம் நடத்துகிறார், என் மருமகன் அவர் முதுகைப் படித்துக்கொண்டிருக்கிறான்.

இன்னொரு கூத்தும் உண்டு. பள்ளிக்கூடத்தில் இவர்களுக்கு ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு கொடுப்பார்கள். நல்ல எண்ணத்தில் கொடுக்கிற சலுகைதான். பெரும்பாலும் இங்கிலீஷைத்தான் விடுவார்கள். சலுகையில் பள்ளியைத் தாண்டி வந்த பையன் காலேஜில் நுழைந்த முதல் நாள், புத்தகம், நோட்டு, பரீட்சைத்தாள் எல்லாமே இங்கிலீஷ். நீச்சல் வகுப்பிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டு நேரே கடலில் கொண்டு போய் இறக்கினால் எப்படி இருக்கும்!

முதல் செமஸ்டரில் ஆறு பேப்பர், ஐந்து அரியர். பையன் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டான்.

அத்தான் சத்திரப்பட்டிப் பக்கம் விசைத்தறியில் வேலை பார்க்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டுத் துணி நெய்கிற ஊர். குடும்பமே கூடி உட்கார்ந்து, பையனை என்ன செய்வது என்று பேசினோம். அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ தாய்மாமன்டா. நீ சொன்னா அவரு கேப்பாரு. படிக்க வைக்கணும்னு சொல்லு" என்றாள். நானும் தலையாட்டினேன். கூட்டத்துக்கு வந்ததும் புத்தி மாறிவிட்டது. நாலு பேர் சிரித்தால் போதும், எனக்கு எதுவும் நினைவிருக்காது.

"தறியிலேயே போட்டுருங்க அத்தான். அந்தச் சத்தத்துல காது கேக்கறவனுக்கே நாலு வருஷத்துல செவி அடைச்சிரும். இவனுக்கு அந்தக் கவலையே இல்ல பாருங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பையன் எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் கையால் ஏதோ கேட்டான். மாமா என்ன சொன்னார் என்றுதான் கேட்டிருக்க வேண்டும். அக்கா பதில் சொல்லவில்லை. பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து மடித்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள்.

அதற்கப்புறம் ஒரு மாசம் அக்கா என்னோடு பேசவில்லை.

அந்த ஒரு மாசத்தின் நடுவில்தான் இந்த 'ஸாரி அங்கிள்' பையன் என் மடியில் விழுந்தது. நானும் என் போனை எடுத்து டைப் அடித்தேன். 'எங்கே படிக்கிறாய் தம்பி?' அவன் பதில். அடுத்து என் கேள்வி. இப்படியே போய்க்கொண்டிருந்ததில் ஆண்டாள் கோயில் கோபுரம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பஸ் கிருஷ்ணன்கோயிலில் நிற்கிறது. அரை நாள் லீவு போச்சு. (மானேஜரிடம் 'பஸ் பிரேக் டவுன்' என்று சொன்னேன். அவர் இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.)

கிருஷ்ணன்கோயில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தை இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். 1984-ல் என்ஜினீயரிங் காலேஜாக ஆரம்பித்து 2006-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. காது கேளாத, வாய் பேசாத மாணவர்களுக்கென்றே அங்கே என்ஜினீயரிங் வகுப்பு தொடங்கினார்கள் என்பது, தினம் அந்த ரோட்டில் போய் வருகிற எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வீட்டிலிருந்து ஒரே பஸ்! நான் தறியைப் பற்றி ஜோக் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

பையனிடம் கேட்டேன்: 'வாத்தியார் சொல்வது எப்படிப் புரியும்?' அவன் அடித்த பதிலை அப்படியே தருகிறேன்: 'கையால் சொல்வார்கள். புரியாவிட்டால் மறுபடி கேட்பேன். முன்னாடி படித்த இடத்தில் மறுபடி கேட்க முடியாது.'

மறுபடி கேட்க முடியாது என்பதைப் படித்தபோது எனக்கு என் தபால் வழிப் படிப்பு ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு. ஒரு ஹாலில் முந்நூறு பேர். நான் கடைசி வரிசை. மைக் ஒரு நாள் உறுமும், ஒரு நாள் ஊமை. பேராசிரியர் கை காலை ஆட்டுவது தெரியும். பக்கத்திலிருப்பவரைக் கேட்டால் அவர் எனக்கு முன்னாலேயே தூங்கியிருப்பார். மூன்று வருஷம் அப்படிப் 'படித்து', கைடு புண்ணியத்தில் பாஸானேன். ஒரு தடவையாவது எழுந்து 'கேட்கவில்லை ஸார்' என்று சொன்னேனா? சொல்லவில்லை. எனக்கு டிகிரி வந்தால் போதும். அதை வைத்து ஒரு இன்க்ரிமென்ட் வாங்கிவிட்டு, மருமகனுக்கு மட்டும் தறி!

அன்று ராத்திரியிலிருந்து இந்த விஷயத்தைத் துருவ ஆரம்பித்தேன். ஆபீஸ் ஃபைலைக்கூட நான் இவ்வளவு அக்கறையாகப் படித்ததில்லை.

வாஷிங்டனில் காலடெட் என்று ஒரு பல்கலைக்கழகம், காது கேளாதவர்களுக்காகவே. பட்டம் கொடுக்கிற உரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் ஆபிரகாம் லிங்கன். வருஷம் 1864. ஆனால் காது கேளாத ஒருவர் அதன் தலைவராக வருவதற்கு 124 வருஷம் ஆனது. 1988-ல் வழக்கம்போல் காது கேட்கிற ஒருவரைத் தலைவராகப் போட்டதும் மாணவர்கள் கேட்டை மறித்து ஸ்டிரைக். ஒரு வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்து, கிங் ஜோர்டன் என்கிற காது கேளாத பேராசிரியரைத் தலைவராக்கியது.

எனக்குப் பிடித்தது ராச்செஸ்டர் கதை. அங்கே தனியாகக் கோட்டை கட்டவில்லை. 1965-ல் அமெரிக்க அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு சாதாரணத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே காது கேளாதோருக்கான தேசியக் கல்லூரியைக் கொண்டு போய் வைத்தது. 1968-ல் முதல் மாணவர்கள் வந்தார்கள். மற்ற மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்காரலாம். கூடவே சைகையில் சொல்ல ஒரு ஆள், நோட்ஸ் எடுத்துக் கொடுக்க இன்னொரு ஆள்.

நோட்ஸுக்கு எதற்குத் தனி ஆள், சோம்பேறித்தனமா என்று நானும் நினைத்தேன். யோசித்துப் பாருங்கள். நமக்குக் காது ஒரு பக்கம் வேலை செய்யும், கண் நோட்டில் இருக்கும். இவர்களுக்குக் கண்தான் காதும். குனிந்து ஒரு வரி எழுதினால் மூன்று வரி போய்விடும். கம்பியைப் பிடித்த பையன் கதைதான் இதுவும்.

ராச்செஸ்டர்காரர்கள் தங்களுக்குத் தெரிந்ததைத் தங்களோடு வைத்துக்கொள்ளவில்லை. 2001-ல் ஜப்பானின் நிப்பான் ஃபவுண்டேஷன் பணம் போட, ஜப்பானில் ட்ஸுகுபா, சீனாவில் டியான்ஜின், மாஸ்கோவில் பௌமன், மணிலாவில் ஒரு கல்லூரி என்று கைகோத்துக்கொண்டார்கள். பௌமன் ஒன்றும் புதுசில்லை. 1934-லிருந்தே காது கேளாதவர்களை என்ஜினீயர் ஆக்குகிற இடம். ஒருவர் கண்டுபிடித்த வித்தையை இன்னொருவர் முதலிலிருந்து கண்டுபிடிக்க வேண்டாம் என்பதுதான் ஏற்பாடு.

நம்ம ஊரிலும் பல்கலைக்கழக ஒப்பந்தம் என்று வாரா வாரம் பேப்பரில் போட்டோ வருகிறது. இரண்டு துணைவேந்தர்கள், இரண்டு ஃபைல், நடுவே ஒரு பூங்கொத்து, பின்னால் எட்டிப் பார்க்கிற பத்துத் தலைகள். பேர், புரிந்துணர்வு ஒப்பந்தம். யாருக்கு என்ன புரிந்தது என்று அப்புறம் யாரும் கேட்பதில்லை.

ஒன்று உருப்படியாக நடந்தது. 2009-ல் டில்லியில் இக்னோவும் இங்கிலாந்தின் சென்ட்ரல் லங்காஷயர் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஒரு பி.ஏ. ஆரம்பித்தன. சைகை மொழியையே ஆராய்கிற படிப்பு. பாடம் நடத்தும் மொழியும் சைகைதான். வெளிநாடுகளிலிருந்தும் காது கேளாத மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். டில்லிக்கு, படிக்க! எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினால், சில வருஷங்களிலேயே அந்தப் படிப்பு நின்று போயிருக்கிறது. இப்படிப் பாதியில் கடையைச் சாத்துவதென்றால் அதற்குப் பேர் கல்வியா, பார்ட்னர்ஷிப் மளிகையா? படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு மறுபடி ஒரு வாசலைத் தேட எத்தனை நாள் ஆகியிருக்கும்?

அதற்காக எல்லாமே போச்சு என்று சொல்லவில்லை. 2015-ல் டில்லியில் மத்திய அரசு இந்திய சைகை மொழிக்கு ஒரு ஆராய்ச்சி மையம் வைத்தது. 2018-ல் மூவாயிரம் வார்த்தையோடு அகராதி போட்டார்கள், 2021-ல் அது பத்தாயிரம் ஆனது. பள்ளிப் பாடப் புத்தகங்களைச் சைகையில் கொண்டுவர 2020-ல் என்.சி.இ.ஆர்.டி.யோடு கையெழுத்தும் ஆகியிருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் காது கேளாதோருக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் மருமகன் ஸீட் தேடும்போதும் இருந்தது. தேடித் தர வேண்டிய மாமாவுக்குத்தான் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து, பத்து நிமிஷம் யாரும் கவனிக்காமல், நானாகவே உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, விஷயத்தைச் சொன்னேன். அத்தான்தான் முதலில் பேசினார். "மறுபடி ஃபீஸ் கட்டி, மறுபடி அரியர் வச்சா?"

நியாயமான கேள்வி. அதனால் இந்தத் தடவை, கட்டடம் எத்தனை மாடி என்பதை விட்டுவிட்டு, நாலு கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டேன். சைகை தெரிந்தவர் எத்தனை பேர்? எல்லா வகுப்புக்கும் வருவாரா, லேப்புக்கும் வருவாரா? நோட்ஸ் யார் தருவார்? இங்கிலீஷை முதலிலிருந்து யாராவது சொல்லிக்கொடுப்பார்களா? உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால் ஃபீஸ் கட்டுவதற்கு முன்னால் இந்த நாலையும் கேளுங்கள். பதில் சொல்பவர் சீலிங் ஃபேனைப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மருமகனுக்கு ஒரு வருஷம் போனது போனதுதான். இப்போது மறுபடி முதல் வருஷம். எங்கே என்று எழுதினால் விளம்பரம் என்பீர்கள். இந்தத் தடவையும் இரண்டு அரியர் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் அந்த இரண்டும் ஏன் போச்சு என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கையால் விளக்கமாகச் சொல்கிறான். அதில் ஒன்று மெக்கானிக்ஸ். எனக்கே புரியாது.

கிருஷ்ணன்கோயிலுக்கு முதன்முதலாக விசாரிக்கப் போனது ஒரு திங்கட்கிழமை. அதே எட்டரை மணி பஸ். நான், அக்கா, மருமகன். பின்பக்கம் அந்த நாலு பையன்களும் இருந்தார்கள். 'ஸாரி அங்கிள்' என்னை அடையாளம் கண்டு சிரித்தான். நான் மருமகனைக் காட்டினேன். அவ்வளவுதான், அடுத்த நிமிஷம் அவன் அங்கே போய்விட்டான். முழங்கையைக் கம்பியில் மாட்டிக்கொண்டு ஐந்து பேரும் பேசுகிறார்கள், பேசுகிறார்கள், அப்படிப் பேசுகிறார்கள்! வீட்டில் அவன் இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை.

நடுவில் ஒருவன் என்னைக் காட்டி ஏதோ கேட்டான். யார் இது என்றிருக்கும். மருமகன் கையை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், விரல்களைக் காக்கா அலகு மாதிரி நாலு தடவை மூடி மூடித் திறந்தான். ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அக்கா, என்ன சொல்றான்?"

"அது உன் பேருடா. அவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு பேரு வச்சிருப்பாங்க. சின்ன வயசுலேருந்து உனக்கு அதுதான்."

"அப்படின்னா?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு மாசத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் அவள் சிரித்து நான் பார்த்தேன்.

"சும்மா பேசிக்கிட்டே இருக்கறவன்."

கிருஷ்ணன்கோயில் வருகிற வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.